செயிண்ட் லூயிஸ், 1764: ஊரை நிறுவியது யார்?

பழுப்பேடு எழுதியது:

அமெரிக்க எல்லைப்புற ஊர் என்றாலே நம் மனதில் மரக்கோட்டை, துப்பாக்கி, குதிரையில் வரும் ஷெரிஃப் என்று ஒரு சினிமா ஓட ஆரம்பித்துவிடும். மிசிசிப்பிக் கரையில் இருக்கும் செயிண்ட் லூயிஸ் அந்தக் கணக்கில் வராது. அரசன் படை அனுப்பிக் கட்டிய கோட்டை அல்ல, பாதிரிமார் வைத்த மிஷனும் அல்ல. ஒரு வியாபாரி சரக்கு இறக்க இடம் தேடி அலைந்தார், அதில் பிறந்த ஊர்.

கதை சுருக்கமாக இதுதான். பியேர் லக்லேட் பிரான்ஸின் பிரெனே மலையடிவாரத்துக்காரர். 1755இல் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து, மாக்ஸான் என்ற பெரிய வணிகருடன் கூட்டுச் சேர்ந்தார். மிசூரி ஆற்றுப் பக்கமுள்ள பூர்வகுடிகளுடன் தோல் வியாபாரம் செய்ய அந்தக் கம்பெனிக்கு மட்டும் உரிமை கிடைத்தது. 1763 ஆகஸ்டில் படகுகளில் சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எதிர் நீரோட்டம். துடுப்புப் போட்டும் கயிறு கட்டி இழுத்தும் மேலே போய்ச் சேர மூன்று மாதம். நவம்பர் தொடக்கத்தில் செயிண்ட் ஜெனிவீவ் என்ற கிராமத்தை அடைந்தால், கொண்டுவந்த சரக்கை வைக்க அங்கே போதுமான கட்டடமே இல்லை! எதிர்க்கரையில் இருந்த ஷார்த்ர் கோட்டைத் தளபதி இடம் கொடுத்ததால் தப்பித்தார்.

டிசம்பரில் மிசூரி ஆறு வந்து கலக்கும் இடம்வரை போய்ப் பார்த்துவிட்டு, அதற்குக் கொஞ்சம் தெற்கே மேற்குக்கரையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, மரங்களில் வெட்டு அடையாளம் போட்டார். 1764 பிப்ரவரியில் முப்பது பேர் கொண்ட குழு அங்கே இறங்கி மரம் வெட்டத் தொடங்கியது. அந்தக் குழுவுக்குப் பொறுப்பாக அவர் அனுப்பியது ஓகுஸ்ட் ஷூட்டோ என்ற பையனை. வயது பதினான்கு, அதுகூட நிறைந்திருந்ததா என்று சந்தேகம்.

ஊர் வரலாறு இந்த இருவரையும்தான் நிறுவனர்களாகக் கொண்டாடுகிறது. என் கேள்வி இது: கிடங்கு கட்டியது இவர்கள், சரி. அது ஊரானது யாரால்? இந்தப் பக்கம் படித்தவர்கள், அங்கே இருப்பவர்கள் எழுதுங்களேன்.

மிசூரிவாசி எழுதியது:

இங்கே வேலைக்கு வந்து பல வருடம் ஆகிறது. என்னைக் கேட்டால் ஊரை உண்டாக்கியது அது உட்கார்ந்திருக்கும் ஆற்றோரப் பாறைமேடுதான். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மிசிசிப்பியின் இந்தப் பகுதியில் பிரெஞ்சுக்காரர்களின் பழைய ஊர்கள் எல்லாம் ஆற்றுப் படுகைத் தாழ்நிலத்தில் இருந்தவை. மண் வளம் அபாரம், கோதுமை நன்றாக வரும். ஆனால் ஆறு எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. செயிண்ட் ஜெனிவீவ் 1785 வெள்ளத்தில் அடிவாங்கி, கடைசியில் ஊரே இடம் மாறியது. லக்லேட் சரக்கு வைத்திருந்த ஷார்த்ர் கோட்டை கல்லால் கட்டியது, அந்தக் காலத்தில் பெரிய சங்கதி. ஆறு அதன் மதில் வரை அரித்துக்கொண்டு வந்து, 1772இல் ஆங்கிலேயர் அதைக் கைவிட்டுப் போனார்கள். பிற்பாடு இல்லினாய்ஸின் முதல் தலைநகராகவே இருந்த கஸ்காஸ்கியா? 1881இல் மிசிசிப்பி தடம் மாறி அதன் குறுக்கே பாய்ந்தது. பழைய ஊரில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போனது.

லக்லேட் பிடித்த இடத்தில் சுண்ணாம்புக்கல் பாறை ஆற்றுக்கு மேலே சுவர்போல எழுந்து நிற்கும். வெள்ளம் ஏறாது. ஆனால் படகு அணையவும் வேண்டும், சரக்கு மேலே ஏறவும் வேண்டும் இல்லையா? பாறையில் அங்கங்கே இறக்கமான வழி இருந்தது. மேலே சமதளம், பின்னால் புல்வெளி, பக்கத்தில் மரம், குடிக்கத் தண்ணீர். மிசூரி, இல்லினாய்ஸ் ஆறுகள் கலக்கும் இடம் வடக்கே கிட்டத்தில், ஒஹாயோ தெற்கே. சங்கமத்திலேயே போய் உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்ததுதான் கெட்டிக்காரத்தனம். சங்கமத்தில் நிலம் தாழ்வு, வருடா வருடம் நீர் ஏறும்.

அதற்காக ஆறு இந்த ஊரைச் சும்மா விட்டது என்று நினைக்க வேண்டாம். 1830களில் துறைமுகத்துக்கு முன்னால் மணல்திட்டு வளர்ந்து, படகே வர முடியாமல் போய்விடும் என்ற நிலை. 1837இல் ராணுவப் பொறியாளர் ஒருவர் வந்து, அணைபோட்டு நீரோட்டத்தைத் திருப்பிவிட்டார். பிற்பாடு உள்நாட்டுப் போரில் தென்னவர் படைத்தளபதியான ராபர்ட் ஈ. லீதான் அவர்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

பாறை எல்லாம் சரி. ஆனால் முதல் பதிவில் சொன்ன கதை முழுக்க எங்கிருந்து வருகிறது? டிசம்பரில் இடம் பார்த்தது, மரத்தில் வெட்டு, முப்பது பேர் எல்லாமே ஷூட்டோ பல காலம் கழித்து எழுதிய நினைவுக்குறிப்பிலிருந்து. அதிலும் ஒரு பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. கதையின் நாயகனே எழுதிய சாட்சியம். பிப்ரவரி 14 என்பதா 15 என்பதா என்று இன்றைக்கும் இழுபறி. குழு வந்திறங்கியது 14, மறுநாள் காலை வேலை தொடங்கியது 15 என்று சமாதானம் சொல்கிறார்கள். எழுதியவர் அதே ஊரின் பெரும்பணக்காரர், பெரும் நிலக்காரர். "முதல் மரத்தை வெட்டியது நான்" என்று சொல்வதில் அவருக்கு லாபம் இல்லையா?

இன்னொன்று. பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன் பேச்சை முப்பது தச்சர்களும் கொத்தர்களும் கேட்டார்களாம். எனக்கு ஜீரணிக்கவில்லை.

ஆவணப்பிரியை எழுதியது:

அந்தக் குறிப்பில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லக்லேடுக்கும் ஷூட்டோவுக்கும் என்ன உறவு என்று அதில் வெளிப்படையாக இருக்காது.

ஓகுஸ்டின் அம்மா மேரி தெரேஸ் பூர்ஷுவா. நியூ ஆர்லியன்ஸில் ரெனே ஷூட்டோ என்பவருடன் சின்ன வயதிலேயே கல்யாணம். அவர் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு பிரான்ஸுக்குப் போய்விட்டார். பிறகு அந்த அம்மா லக்லேடுடன் வாழத் தொடங்கினார். நான்கு குழந்தைகள். கத்தோலிக்க நாட்டில் விவாகரத்து கிடையாது, அதனால் ஞானஸ்நானப் பதிவேட்டில் நான்கு பேருமே ஷூட்டோ! பெற்ற அப்பா பெயர் எந்தக் குழந்தைக்கும் இல்லை. ரெனே சும்மா இருந்தாரா? திரும்பி வந்து மனைவியை அனுப்பச் சொல்லி அதிகாரிகளிடம் முறையிட்டார். 1774இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து உத்தரவே வந்தது. ஆற்றில் மூன்று மாதத் தொலைவு, உத்தரவை யார் நிறைவேற்றுவது? அந்த அம்மா கிளம்பவே இல்லை. 1776இல் ரெனே செத்துப்போனார். அதற்குப் பிறகும் அவர் லக்லேடைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இதில் உணர்ச்சியை மட்டும் பார்க்காதீர்கள், கணக்கும் இருக்கிறது. 1768இலேயே லக்லேட் வீடு, நிலம் என்று ஒரு பங்கை மேரி தெரேஸின் பிள்ளைகள் பெயரில் எழுதிக்கொடுத்துவிட்டார். 1769இல் மாக்ஸானின் பங்கைக் கடனுக்கு வாங்கிக் கழுத்துவரை மூழ்கினார். 1778 மே மாதம் நியூ ஆர்லியன்ஸ் போய்த் திரும்பும் வழியில், அர்கன்சா ஆறு கலக்கும் இடத்தருகே இறந்தார். அங்கேயே எங்கோ புதைத்தார்கள், கல்லறை இருக்கும் இடம் போய்விட்டது. கடன்காரர்கள் வந்தபோது மேரி தெரேஸ் குடும்பத்தின் சொத்து தனியாக நின்றது. லக்லேடின் பெரிய வீட்டையும் மாவு ஆலையையும் பிற்பாடு ஓகுஸ்டே வாங்கிக்கொண்டார்.

ஊரை நிறுவியவர் கடனாளியாகச் செத்தார். ஊரை வைத்துப் பிழைக்கத் தெரிந்தவர் அந்த அம்மா. 1814 வரை இருந்து பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார். என் ஓட்டு அவருக்கு.

பழுப்பேடு எழுதியது:

குறுக்குக்கேள்விக்கு: பையன் தனியாக ஊர் கட்டினான் என்று குறிப்பே சொல்லவில்லை. அவன் செய்தது சாமான் வைக்க ஒரு பெரிய கொட்டகை, ஆட்கள் தங்கச் சின்னச் சின்னக் குடிசைகள். ஏப்ரலில் லக்லேட் வந்துதான் தெருவை அளந்தார், ஒன்பதாம் லூயி பெயரை வைத்தார். அதனால் எனக்கு அது நம்பும்படியே இருக்கிறது. முதலாளி வீட்டுப் பிள்ளை எழுதப் படிக்கத் தெரிந்தவனாகக் கூட நிற்கிறான், கையில் சரக்குக் கணக்கு. தச்சனுக்குத் தச்சுவேலை சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

அதே குறிப்பில் ஒரு கட்டம் வருகிறது. பொய் சொல்ல வேண்டியவன் இதை எழுதியிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். அந்த 1764இலேயே மிசூரியா இனத்தவர் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். சண்டை போடக்கூடிய ஆண்களே நூற்றைம்பது பேர் அளவு, அப்புறம் பெண்கள், குழந்தைகள். பகை எதுவும் இல்லை, "இங்கேயே உங்களைச் சுற்றி ஊர் போட்டுக்கொள்கிறோம்" என்கிறார்கள். எதிர்க்கரைப் பிரெஞ்சு ஊரான கஹோக்கியாவிலிருந்து வந்து குடியேறியிருந்த சிலர் பயந்து மறுபடி ஆற்றைத் தாண்டி ஓடிவிட்டார்கள். ஷூட்டோ லக்லேடுக்கு அவசரமாக ஆள் அனுப்புகிறான். அவர் வரும்வரை என்ன செய்தான் தெரியுமா? லக்லேட் வீட்டுக்கு நிலவறை தோண்ட வேண்டியிருந்தது. மிசூரியாப் பெண்களையும் பிள்ளைகளையும் கூலிக்கு வைத்துத் தோண்டினான். மரத் தட்டுகளிலும் கூடைகளிலும் மண்ணை அள்ளித் தலையில் சுமந்து கொட்டினார்கள். கூலி: செஞ்சாயம், பச்சைச் சாயம், குத்தூசி.

லக்லேட் வந்ததும் தலைவர்கள் பேசினார்கள். தாங்கள் வாத்துகளைப் போல, இளைப்பாறத் திறந்த நீர்நிலை தேடி வந்ததாகச் சொன்னார்கள். அவர் அதையே பிடித்துக்கொண்டார்: திறந்த நீரில் இறங்கும் வாத்தைத்தான் கழுகு முதலில் பார்க்கும், உங்கள் எதிரிகள் எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் இல்லாவிட்டாலும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், பெண்டு பிள்ளைகளை அடிமையாக்கிவிடுவார்கள் என்று பயம் காட்டி அனுப்பிவைத்தார்.

ஊரின் முதல் பெரிய வீட்டுக்கு வானம் தோண்டியது அந்தப் பெண்கள். நிறுவனர் பட்டியலில் அவர்களுக்கு இடம் உண்டா?

புதுவைக்காரன் எழுதியது:

எல்லோரும் ஆட்களையே பேசுகிறீர்கள். 1763 பாரிஸ் ஒப்பந்தத்தைச் சொல்ல ஒருவரும் இல்லையா? ஏழாண்டுப் போர் முடிந்து மிசிசிப்பியின் கிழக்குக்கரை ஆங்கிலேயருக்குப் போனது அந்தக் காகிதத்தில்தான். எங்கள் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி வந்ததும் அதே காகிதத்தில்தான். வந்தவாசியில் 1760இல் தோற்று, 1761 ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்து, ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தள்ளியிருந்தார்கள். 1765இல் இடிபாட்டைத் திரும்பப் பெற்றுக் கட்ட ஆரம்பித்தார்கள். அதே வருடம் அங்கே ஷார்த்ர் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது.

அந்த அக்டோபர் 10ஆம் தேதிதான் செயிண்ட் லூயிஸின் உண்மையான பிறந்தநாள் என்பேன். கோட்டையின் கடைசிப் பிரெஞ்சுத் தளபதி செயிண்ட் ஆஞ்ச், சாவியை ஸ்டர்லிங் என்ற ஆங்கிலேயப் படைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த சொற்பச் சிப்பாய்களுடன் ஆற்றைத் தாண்டி லக்லேடின் ஊருக்கு வந்துவிட்டார். கிழக்குக்கரைப் பிரெஞ்சுக் குடும்பங்களும் ஆங்கிலேயர் ஆட்சி வேண்டாமென்று மூட்டை கட்டிக்கொண்டு வந்தன. சிலர் வீட்டுக் கதவு, ஜன்னல், பலகையைக்கூடக் கழற்றி எடுத்து வந்தார்கள். கிடங்கு ஊரானது இப்படி. அகதிகள் ஊர்.

வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சு மண் என்று நம்பி அவர்கள் ஓடிவந்த மேற்குக்கரையை அவர்களுடைய ராஜா 1762 நவம்பரிலேயே ரகசியமாக ஸ்பெயினுக்குக் கொடுத்திருந்தார். ஷூட்டோ முதல் மரத்தை வெட்டியபோதே அது ஸ்பெயின் நாட்டு மரம்! ஸ்பானிய அதிகாரி பியெர்னாஸ் வந்து பொறுப்பேற்றது 1770இல். அதுவரை எந்த அரசாணையும் இல்லாமல் செயிண்ட் ஆஞ்ச்தான் ஊரை நடத்தினார், மனைப் பத்திரம் கொடுத்தார்.

கரிசல்காட்டான் எழுதியது:

புதுவைக்காரன் சொன்னதில் ஒரு கண்ணி விட்டுப்போயிற்று. ஒப்பந்தம் 1763 பிப்ரவரியில். ஆங்கிலேயர் கோட்டைக்கு வந்தது 1765 அக்டோபரில். இடையில் இரண்டரை வருடம் ஏன்? ஒட்டாவா இனத் தலைவர் பாண்டியாக்கும் அவருடன் சேர்ந்த பூர்வகுடிகளும் போர் தொடுத்து வழியை அடைத்ததால். அந்த அவகாசம் கிடைக்காமல் போயிருந்தால் லக்லேட் ஷார்த்ர் கோட்டையில் சரக்கே வைத்திருக்க முடியாது. 1769இல் பாண்டியாக் கஹோக்கியாவில் கொல்லப்பட்டபோது, செயிண்ட் ஆஞ்ச் உடலை ஆற்றைத் தாண்டிக் கொண்டுவரச் செய்து செயிண்ட் லூயிஸில் அடக்கம் செய்தார் என்று ஊரில் ஒரு மரபுக் கதை உண்டு.

அப்புறம் அடிமைகள். 1770களில் ஊரில் மூன்றில் ஒருவர் அடிமை என்கிற அளவு. ஆப்பிரிக்கர் மட்டுமல்ல, பூர்வகுடிகளும். 1769இல் ஸ்பானிய ஆளுநர் ஓ'ரைலி பூர்வகுடிகளை அடிமையாக்குவதைத் தடைசெய்தும், ஏற்கெனவே இருந்தவர்கள் விடுபடவில்லை. மேரி ஜான் சிப்பியோன் என்ற பெண்ணின் தாய் நாச்செஸ் இனத்தவர், அதனால் அவர் வயிற்றுப் பிள்ளைகள் அடிமைகளாக இருக்க முடியாது என்று மகள்கள் 1805இல் நீதிமன்றம் போனார்கள். தீர்ப்பு வந்து விடுதலையானது 1830களில். எதிர்வாதிகளில் ஒருவர் யார்? ஓகுஸ்டின் தம்பி பியேர் ஷூட்டோ. ஆவணப்பிரியை, நீங்கள் ஓட்டுப் போட்ட குடும்பம்தான்.

ஆவணப்பிரியை எழுதியது:

தெரிந்துதான் ஓட்டுப் போட்டேன். நிறுவியவர் யார் என்றுதான் கேள்வி, நல்லவர் யார் என்று இல்லை.

குறுக்குக்கேள்வி எழுதியது:

அகதிகள் ஊர் என்பதைப் பாதி ஏற்கிறேன். வந்தவர்கள் உழவர்கள். தெருக்கள் ஆற்றுக்கு இணையாக மூன்றுதான். ஆளுக்கொரு மனை, சுற்றிலும் கூர்மரவேலி. வீடு கட்டுவதும் அமெரிக்கப் பாணியில் மரத்தைப் படுக்கவைத்து அடுக்குவது இல்லை. நட்டுக்குத்தாகத் தரையில் புதைத்து, இடைவெளியில் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அப்பி, சுண்ணாம்பு அடித்து, சுற்றித் திண்ணை மாதிரி தாழ்வாரம் இறக்குவார்கள். வயல் ஊருக்கு வெளியே. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சுமார் அறுபது மீட்டர் அகலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம் என்று நாடா கிழித்த மாதிரி நிலம். வேலி மட்டும் பொது. யார் பகுதியில் வேலி விழுந்து மாடு புகுந்தாலும் அது ஊர்ப் பஞ்சாயத்து.

ஆனால் இவ்வளவு இருந்தும் பக்கத்து ஊர்க்காரர்கள் செயிண்ட் லூயிஸுக்கு வைத்த பட்டப்பெயர் "ரொட்டிக்குப் பஞ்சம்". மாவு செயிண்ட் ஜெனிவீவிலிருந்து வரவேண்டியிருந்தது. ஏனென்றால் எல்லோர் கண்ணும் தோல் வியாபாரத்தில். ஓசேஜ் இனத்தவர் மான்தோலும் நீர்நாய்த்தோலும் கொண்டுவராவிட்டால் அடுப்பு எரியாது. ஊரைத் தாங்கியது ஓசேஜ்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். பையன் கதைக்கு மட்டும் இன்னும் இடமில்லை.

மிசூரிவாசி எழுதியது:

1780ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விடுதலைப் போர்க் காலம், ஸ்பெயின் ஆங்கிலேயருக்கு எதிராக இறங்கிவிட்டது. ஆங்கிலேயர் திரட்டிய பூர்வகுடிப் படை, எழுநூறு பேருக்குக் குறையாது, மே 26 அன்று ஊர்மேல் பாய்ந்தது. ஸ்பானிய அதிகாரி தெ லேபா நான்கு கல் கோபுரம் கட்டத் திட்டமிட்டு, பணமில்லாமல் ஒன்றைத்தான் எழுப்பியிருந்தார். அதன் மேல் ஐந்து பீரங்கி. வழக்கமான சிப்பாய்கள் முப்பதுகூட இல்லை, மீதி எல்லாம் ஊர்க்காரர்கள். பீரங்கி முழக்கத்தில் தாக்க வந்தவர்கள் ஊருக்குள் நுழையவில்லை. ஆனால் வயலில் வேலையாக இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள், அங்கேதான் பெரிய சாவு.

தெ லேபா ஏற்கெனவே நோயாளி, அடுத்த மாதமே இறந்தார். ஊரைக் காப்பாற்றிய மனிதரைப் பிற்காலத்தில் கோழை, துரோகி என்றெல்லாம் தூற்றினார்கள். ஸ்பானிய அரசரோ, அவர் இறந்த செய்தி தெரியாமல் பதவி உயர்வு கொடுத்திருந்தார்.

இங்கிருப்பவர்களோடு பேசினால் ஷூட்டோ பெயர் தெருப்பலகையில் இருப்பதால் தெரியும். தெ லேபாவை யாருக்கும் தெரியாது.

கரிசல்காட்டான் எழுதியது:

இவ்வளவு பேசியும் ஒருவர்கூடத் தொடாத விஷயம்: லக்லேட் வந்தபோது அந்த மேட்டில் ஏற்கெனவே மண்குன்றுகள் வரிசையாக நின்றன. மனிதர் கட்டியவை. எதிர்க்கரையில், பிரெஞ்சு ஊருக்கு வெகுகாலம் முந்தைய பழைய கஹோக்கியா, 1100ஐ ஒட்டிய காலத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த நகரம், இன்றும் நிற்கும் பெரிய குன்று முப்பது மீட்டர் உயரம். இக்கரைக் குன்றுகள் அதன் சகோதர ஊர். பாறை, சங்கமம், வெள்ளம் எட்டாத மேடு என்று மிசூரிவாசி சொன்ன காரணங்கள் எல்லாம் அவர்களுக்கும் தெரிந்தவைதான். செயிண்ட் லூயிஸ்காரர்கள் தங்கள் ஊரைக் "குன்று நகரம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே, இருந்ததில் பெரியதை 1869க்குள் வெட்டி எடுத்து முடித்துவிட்டார்கள். மிஞ்சிய ஒன்றில் ஒரு பகுதியை 2009இல் ஓசேஜ் மக்களே விலைகொடுத்து வாங்கினார்கள்.

"நிறுவினார்" என்று எழுதுவதற்கு முன் இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

பழுப்பேடு எழுதியது:

சேர்க்கலாம், சேர்க்கத்தான் வேண்டும். ஆனாலும் 1764 ஊர் பழைய குன்று நகரத்தின் தொடர்ச்சி இல்லை, நடுவில் சில நூற்றாண்டு இடைவெளி. இப்போதைக்கு என் கணக்கு: இடத்தைப் பார்த்தது லக்லேட், ஆளை அனுப்பியது பாரிஸ் ஒப்பந்தம், சோறு போட்டது ஓசேஜ். பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டது ஷூட்டோ குடும்பம்.

மிசூரிவாசி, அடுத்த வருடம் அந்தப் பக்கம் வரும் யோசனை இருக்கிறது. லக்லேட் காலத்து வீடு ஏதாவது பார்க்கக் கிடைக்குமா?

மிசூரிவாசி எழுதியது:

செயிண்ட் லூயிஸில் ஒன்றும் கிடையாது. ஆற்றோர நாற்பது பிளாக்குகளைத் தேசிய நினைவிடத்துக்காக 1939 முதல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு அங்கே 1965இல் எழும்பியதுதான் 192 மீட்டர் உயர வளைவு. லக்லேடின் ஊர் முழுக்க அதன் புல்தரைக்கு அடியில். பழைய கதீட்ரல் மட்டும் தப்பியது. கட்டடம் 1834ஐச் சேர்ந்தது என்றாலும், லக்லேட் கோயிலுக்கு ஒதுக்கிய அதே மனையில் நிற்கிறது.

நட்டுக்குத்து மரவீடு பார்க்க வேண்டுமென்றால் காரில் ஒரு மணி நேரம் தெற்கே செயிண்ட் ஜெனிவீவ் போய்விடுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு மேட்டில் கட்டிய வீடுகள், போல்டுக் வீடு உட்பட, இன்னும் நிற்கின்றன. பாரிஷ் பதிவேடு, திறக்கும் நேரம் எல்லாம் முன்கூட்டியே கேட்டுவிட்டு வாருங்கள், குளிர்காலத்தில் பாதி பூட்டியிருக்கும். கஹோக்கியா குன்றுக்கு அரை நாள் ஒதுக்குங்கள், படி ஏற வேண்டும்.